வரமா, சாபமா: நான் சொன்ன தீர்ப்பும் அதற்குப் பிறகு நடந்ததும்

வாசகர் ஒருவர் கேட்டது, 25 ஜனவரி 2025

பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மரபணுத் திருத்தம் பற்றிப் பட்டிமன்றமா? நோயைக் குணமாக்கும் விஷயத்தில் விவாதிக்க என்ன இருக்கிறது? வரம் என்று ஒரே வரியில் முடித்திருக்கலாமே. நடுவர் நீங்கள்தானே, என்ன தீர்ப்புச் சொன்னீர்கள்?

25 ஜனவரி 2025, இரவு 9.20

சாபம் என்று சொன்னேன்.

நேற்று வெள்ளிக்கிழமை, கடைசி இரண்டு பாடவேளை. பக்கத்துக்கு மூன்று பேர். நீலகிரியில் கூடலூர் பக்கம் ஜனவரிக் குளிர் தெரியுமில்லையா, பாதிப் பேர் ஸ்வெட்டருக்குள் கையை விட்டுக்கொண்டுதான் பேசினார்கள். வரம் என்ற அணி நன்றாகவே தயாரித்து வந்திருந்தது. மரபணுவை வேண்டிய இடத்தில் வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் முறையை 2012-இல் வெளியிட்ட ஜெனிஃபர் டௌட்னா, இம்மானுவேல் ஷார்பென்டியே இருவருக்கும் 2020-இல் வேதியியல் நோபல் கிடைத்தது, சிக்கிள் செல் என்ற பரம்பரை இரத்த நோய்க்கு அந்த முறையிலேயே உருவான காஸ்கெவி என்ற சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டன் முதலில் அனுமதி தந்தது, எல்லாம் சொன்னார்கள். வேலூர் சி.எம்.சி.யில் இரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபிலியா நோய் உள்ள ஐந்து பேருக்கு மரபணு சிகிச்சை செய்து, அவர்களுக்கு இரத்தக் கசிவு நின்றுபோனதாகப் போன மாதம் வந்த செய்தியையும் ஒரு பையன் சொன்னான். கைதட்டல் பலமாக இருந்தது.

எதிரணியில் கடைசியாகப் பேசிய பெண்தான் என்னை அசைத்தாள். "ஸ்கேன் மிஷின் எதுக்கு வந்துச்சு? வயித்துல இருக்கிற குழந்தை நல்லா இருக்கான்னு பார்க்க. நம்ம ஊர்ல அதை வச்சு என்ன பண்ணாங்க?" என்று கேட்டுவிட்டு ஒரு நிமிடம் நின்றாள். 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் ஏன் தொடங்க வேண்டியிருந்தது, 1994-இல் கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கச் சட்டம் ஏன் வந்தது என்று அடுக்கினாள். தேர்ந்தெடுக்கும் வசதி கையில் வந்தால் நாம் எதைத் தேர்ந்தெடுப்போம் என்பதற்கு நம் வீடுகளே சாட்சி என்றாள். அந்த வாதத்துக்கு வரம் அணியிடம் பதில் இல்லை. அதனால்தான் அந்தத் தீர்ப்பு.

விவாதிக்க என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். இது ஒன்றே போதாதா?

26 ஜனவரி 2025, காலை 11.05

கொடியேற்றிவிட்டு வந்து எழுதுகிறேன். தீர்ப்பில் நான் ஒரு தவறான தகவல் சொல்லிவிட்டேன், அதை இங்கே திருத்த வேண்டும்.

கருவிலேயே மரபணுவைத் திருத்தி இரட்டைக் குழந்தைகளைப் பிறக்கவைத்த சீன விஞ்ஞானி ஹ ஜியான்குய் பற்றிச் சொல்லும்போது, "அந்த இரட்டைக் குழந்தைகளுக்கு இனி எச்.ஐ.வி. வரவே வராது, ஆனால் வேறு என்ன வரும் என்று தெரியாது" என்று சொன்னேன். முதல் பாதி சரியில்லை. 2018 நவம்பரில் அவர் அறிவித்தபடி, மாற்றியது சி.சி.ஆர்.5 என்ற மரபணுவை. எச்.ஐ.வி. கிருமி செல்லுக்குள் நுழையும் வாசல்களில் ஒன்றை உருவாக்குவது அது. சிலருக்கு இயற்கையாகவே அந்த மரபணுவின் இரண்டு பிரதியிலும் (அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று) 32 எழுத்துகள், அதாவது டி.என்.ஏ. அலகுகள், விட்டுப்போயிருக்கும், அவர்களைக் கிருமி எளிதில் தொற்றாது. ஹ செய்த வெட்டு அதே மாற்றத்தைத் தரவில்லை, வேறு ஏதோ மாற்றங்களைத் தந்தது. அதிலும் ஒரு குழந்தைக்கு மரபணுவின் ஒரு பிரதி மட்டும்தான் மாறியது. கிருமியின் சில வகைகள் வேறு வாசல் வழியாகவும் நுழையும். ஆக, பாதுகாப்பு உறுதி என்றுகூடச் சொல்ல முடியாது.

அப்பாவுக்கு எச்.ஐ.வி. இருந்தது, அம்மாவுக்கு இல்லை. இப்படிப்பட்ட தம்பதிகளுக்கு விந்தணுவைக் கழுவிச் சுத்தம் செய்து கருவாக்கும் முறை ஏற்கெனவே இருக்கிறது. குழந்தைக்குத் தொற்று வராமல் தடுக்க மரபணுவில் கைவைக்க வேண்டிய தேவையே இல்லை. 2019 டிசம்பரில் அவருக்கு மூன்று ஆண்டுச் சிறையும் 30 லட்சம் யுவான் அபராதமும் விதித்தார்கள். அதற்குள் மூன்றாவதாக ஒரு குழந்தையும் பிறந்துவிட்டது. இப்போது அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வயது. அதை நினைத்தால் மனசு என்னவோ செய்கிறது. அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

26 ஜனவரி 2025, இரவு 8.40

இன்னொரு திருத்தம். இதைச் சொன்னது என் மாணவன், வரம் அணிக்காரன். காஸ்கெவியின் அமெரிக்க விலை 22 லட்சம் டாலர். நான் மேடையில் 22 கோடி ரூபாய் என்றேன். இன்றைய கணக்கில் சுமார் 19 கோடி. "3 கோடி கூட்டிச் சொல்லித்தான் டீச்சர் எங்களைத் தோக்கடிச்சீங்க" என்று அனுப்பியிருக்கிறான். படித்துவிட்டு நன்றாகச் சிரித்தேன். ஆனால் அவன் கணக்கு சரி.

29 ஜனவரி 2025, இரவு 10.15

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். இதில் வரும் மாணவியிடமும் கேட்டேன். பேரும் ஊரும் போடாமல் எழுதுங்கள் என்றாள்.

எங்கள் வகுப்பில் சிக்கிள் செல் நோய் உள்ள மாணவி ஒருத்தி இருக்கிறாள். பணியர் என்ற பழங்குடியைச் சேர்ந்த குடும்பம். பட்டிமன்றத்தன்று பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மாதத்தில் இரண்டு மூன்று நாள் வரமாட்டாள், குளிர் அதிகமானால் இன்னும் கூடும். வலி வந்தால் கை கால் எலும்பெல்லாம் உள்ளே இருந்து யாரோ முறுக்குவது மாதிரி இருக்கும் என்று ஒருமுறை சொல்லியிருக்கிறாள். இரத்தச் சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்து, மெல்லிய குழாய்களில் சிக்கி, அதற்கு அப்பால் இரத்தம் போகாமல் வரும் வலி அது. இருபது ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறேன். ஹீமோகுளோபின் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வாலின் என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன்.

திங்கட்கிழமை மதியம் தனியாக வந்து நின்றாள். "டீச்சர், சாபம்னு தீர்ப்புச் சொன்னீங்களே, அந்த மருந்து எனக்கு வேண்டாம்னு அர்த்தமா?"

எனக்குப் பேச்சு வரவில்லை.

நான் தீர்ப்புச் சொன்னது வேறு ஒன்றுக்கு. பிறக்கப்போகும் குழந்தையை நம் விருப்பப்படி வடிவமைப்பதற்கு. ஆனால் மேடையில் இருந்த தலைப்பு மரபணுத் திருத்தம் முழுவதையும் ஒரே மூட்டையாகக் கட்டியிருந்தது, நானும் மூட்டையைப் பிரிக்காமலே தூக்கி எறிந்துவிட்டேன். இருக்கிற ஒரு மனுஷியின் எலும்பு மஜ்ஜையைச் சரிசெய்வதும், இன்னும் பிறக்காத ஒருவரின் ஒவ்வொரு செல்லையும், அவர் வழியாக வரும் அத்தனை தலைமுறையையும் மாற்றுவதும் ஒன்றல்ல. பாடப்புத்தகத்திலேயே உடல் செல் சிகிச்சை, இனச்செல் (விந்து, கருமுட்டை) சிகிச்சை என்று இரண்டாகத்தான் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2019 வழிகாட்டுதலும் இனச்செல்லைத் தொடக்கூடாது என்றுதான் சொல்கிறது, உடல் செல் சிகிச்சைக்கு வழி விடுகிறது. இதெல்லாம் தெரிந்தவள்தான் நான். தெரிந்தும் சொல்லவில்லை.

அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "அய்யோ டீச்சர்" என்று ஓடிவிட்டாள்.

30 ஜனவரி 2025, காலை 6.50

இரவு தூக்கம் வரவில்லை. இன்று வகுப்பில் எல்லோர் முன்னாலும் தீர்ப்பைப் பாதியாக மாற்றப்போகிறேன். நடுவர் தீர்ப்பை மாற்றலாமா என்று இங்கே யாரோ கேட்டிருக்கிறீர்கள். தவறு தெரிந்தால் மாற்றத்தான் வேண்டும்.

30 ஜனவரி 2025, மாலை 5.30

மாற்றிவிட்டேன். வரம் அணி மேசையைத் தட்டியது. எதிரணிப் பெண் கொஞ்சமும் அசரவில்லை: "பாதிதானே மாத்தினீங்க, மீதிப் பாதி எங்களுதுதானே."

9 பிப்ரவரி 2025, மாலை 4.10

"இந்தச் சிக்கிள் செல் மரபணுவை உலகத்திலிருந்தே அழித்துவிட்டால் என்ன" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இது எனக்குப் பிடித்த கேள்வி. ஆத்திரமாக இல்லாமல் பதில் சொல்ல ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன்.

இந்தியாவில் இந்த மரபணு முதலில் பதிவானது எங்கள் நீலகிரியில், 1952-இல். லீமன், கட்புஷ் என்ற இருவர் இங்குள்ள பழங்குடி மக்களின் இரத்தத்தைச் சோதித்து எழுதினார்கள். அது ஏன் இங்கே இருந்தது? வயநாடும் இந்த மலையடிவாரக் காடுகளும் ஒரு காலத்தில் மலேரியாவுக்குப் பேர் போனவை. ஒரு பிரதி சிக்கிள் மரபணுவும் ஒரு பிரதி சாதாரண மரபணுவும் உள்ளவரைக் கடுமையான மலேரியா அவ்வளவு எளிதில் கொல்லாது. 1954-இல் ஆப்பிரிக்காவில் ஆன்டனி அல்லிசன் இதைக் காட்டினார். பல தலைமுறைப் பிள்ளைகளைக் காய்ச்சலிலிருந்து காப்பாற்றியது இந்த ஓர் எழுத்து மாற்றம்தான். இரண்டு பிரதியும் வந்து சேர்ந்த பிள்ளைகள்தான் அதற்கு விலை கொடுத்தார்கள்.

அதனால் 'கெட்ட மரபணு' என்று வகுப்பில் சொல்வதை நிறுத்திவிட்டேன். இது வெறும் வார்த்தை விஷயம் இல்லை. கெட்ட மரபணு என்றால், அது உள்ள சமூகத்தையே கெட்டது என்று சொல்ல ஒரு அடிதான் தூரம். 1883-இல் இங்கிலாந்தின் ஃபிரான்சிஸ் கால்டன், 'நல்ல' பரம்பரையை மட்டும் பெருக்கும் யோசனைக்கு இனமேம்பாடு என்று பேர் வைத்தபோது அதுவும் நல்ல எண்ணமாகத்தான் பேசப்பட்டது. 1927-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கட்டாயக் கருத்தடையை ஏற்றது, 1933-இல் ஜெர்மனி அதையே சட்டமாக்கியது. ஆய்வகத்துக்கு வெளியே, அலுவலகக் கோப்பில் நடந்த காரியங்கள் இவை.

16 பிப்ரவரி 2025, இரவு 9.00

உயரம், நிறம், புத்தியையும் மரபணுவைத் திருத்தி மாற்றலாமா என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக. டி.என்.ஏ.வில் உயரத்துடன் தொடர்புள்ள 12,000-க்கும் மேற்பட்ட இடங்களை 2022-இல் ஓர் ஆய்வு கண்டுபிடித்தது, 50 லட்சத்துக்கும் அதிகமான பேரின் மரபணுவைப் பார்த்து. ஒரு இடத்தைத் திருத்தினால் ஒரு நூல் அளவுகூட வளராது. சிக்கிள் செல் மாதிரி ஒரே எழுத்தில் நிற்கும் நோய் வேறு, இது வேறு. சத்தான சாப்பாடு கொடுங்கள், பிள்ளைகள் வளர்வார்கள்.

நிறத்தைப் பற்றிக் கேட்ட வாசகருக்கு: உங்கள் மகள் எப்படி இருக்கிறாளோ அப்படியே அழகு.

17 பிப்ரவரி 2025, காலை 7.15

நேற்று எழுதியதை மறுபடி படித்தேன். முடியாது என்பதால் பயம் வேண்டாம் என்கிற தொனி வந்துவிட்டது. எதிரணிப் பெண்ணின் வாதம் அது இல்லை. முடிகிறதோ இல்லையோ, முடியும் என்று சொல்லிக் காசு வாங்க ஆள் வருவான், நாமும் வரிசையில் நிற்போம் என்பதுதான் அவள் சொன்னது. முகப்பூச்சு டப்பாக்களில் நாம் எத்தனை ஆண்டாக ஏமாந்திருக்கிறோம்.

1 மார்ச் 2025, இரவு 10.40

பொதுத்தேர்வு நெருங்குகிறது. ஆனாலும் இன்று நடந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை.

சிக்கிள் செல் உள்ள அந்தப் பெண் காஸ்கெவி பற்றி எல்லாம் படித்திருக்கிறாள். நானும் அவளும் உட்கார்ந்து பேசினோம். அந்தச் சிகிச்சை அந்த ஒற்றை எழுத்தைத் திருத்துவதே இல்லை என்பது அவளுக்கு ஆச்சரியம். எனக்கும் முதலில் ஆச்சரியமாகத்தான் இருந்தது. கருவில் இருக்கும்போது நம் எல்லோருக்கும் வேறு வகை ஹீமோகுளோபின், பிறந்த சில மாதங்களில் அது குறைந்து பெரியவர்களுக்கான வகை வந்துவிடும். அந்த மாற்றத்தைச் செய்கிற சுவிட்ச் பி.சி.எல்.11ஏ என்ற மரபணு. இரத்தம் உருவாக்கும் செல்களை வெளியே எடுத்து, அந்தச் சுவிட்சைத் தணித்து, திரும்ப உடலுக்குள் விடுகிறார்கள். பழைய ஹீமோகுளோபின் திரும்பி வரும், செல் வளையாது. சோதனையில் ஒரு வருடமாவது பார்த்த 31 பேரில் 29 பேருக்குக் குறைந்தது 12 மாதம் கடுமையான வலி வரவில்லை. இப்போது அவள் தினமும் சாப்பிடும் ஹைட்ராக்ஸியூரியா மாத்திரையும் அதே ஹீமோகுளோபினைத்தான் கொஞ்சமாகக் கூட்டுகிறது. "அப்போ நான் பாதி வழில இருக்கேன்" என்றாள்.

அப்புறம் மற்றதையும் சொன்னேன். திருத்திய செல்லைத் திரும்ப விடுவதற்கு முன்னால் இருக்கிற மஜ்ஜையை வலுவான கீமோ மருந்தால் காலி செய்ய வேண்டும். வாரக்கணக்கில் ஆஸ்பத்திரி. அந்த மருந்தால் குழந்தை பெறும் திறன் போகவும் வாய்ப்பு உண்டு. குழந்தை பிறந்தாலும், சிகிச்சை கருமுட்டையைத் தொடவில்லை, அதனால் அவளுடைய மரபணு அப்படியே பிள்ளைக்குப் போகும்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "அப்போ பிள்ளைக்கும் சேர்த்து மாத்துறது எப்படி டீச்சர் தப்பாகும்?"

அவள் எதிர்ப்பாள் என்று நான் நினைத்திருந்தேன். அவளுக்காகவும் சேர்த்துத்தான் நான் எதிர்க்கிறேன் என்று மனதுக்குள் ஒரு எண்ணம் இருந்திருக்கிறது. சரி, அறிவியலாகப் பேசுவோம் என்று சொன்னேன்: நீ கட்டிக்கொள்பவருக்கு இந்த மரபணு இல்லையென்றால் உன் பிள்ளைகள் யாருக்கும் நோய் வராது, எல்லோரும் ஒரு பிரதியை மட்டும் சுமப்பார்கள். அவருக்கு ஒரு பிரதி இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அதனால்தான் பரிசோதனை. 2023-இல் மத்தியப் பிரதேசத்தின் ஷாதோலில் தொடங்கிய தேசியத் திட்டம் 7 கோடிப் பேரைப் பரிசோதிக்கத் திட்டமிட்டது, 2047-க்குள் இந்த நோயை ஒழிப்பது இலக்கு. முடிவைப் போட்டுக் கையில் கார்டு கொடுக்கிறார்கள்.

"ஜாதகம் மாதிரியா?" என்றாள். "நான் யாரைக் கட்டணும்னு கார்டு சொல்லும். மரபணுவை மாத்தக் கூடாது, ஆளை மாத்திக்கோன்னு சொல்றீங்க."

இதற்கு என்னிடம் இருந்த பதில் ஒன்றுதான். உன்னைக் குணப்படுத்தும்போது தவறு நடந்தால் அது உன்னோடு நிற்கும், நீ சம்மதித்து எடுத்த முடிவு அது. கருவில் தவறு நடந்தால் சம்மதிக்காத ஒருவருக்கு நடக்கும், அவர் பிள்ளைக்கும் போகும். சொன்னேன். அந்தப் பதிலை இப்போதும் நம்புகிறேன். ஆனால் சொல்லும்போது எனக்கு வலி இல்லை, கேட்டவளுக்கு இருந்தது.

2 மார்ச் 2025, காலை 8.00

சிலர் பண உதவி செய்வதாக எழுதியிருக்கிறீர்கள். மனமார்ந்த நன்றி. அவளுக்கு இப்போது தேவை மாத்திரை தடங்கலில்லாமல் கிடைப்பது, காய்ச்சல் வந்தால் உடனே காட்ட ஒரு வண்டி. மலைப்பாதையில் இரவு எட்டு மணிக்கு மேல் வண்டி பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். 19 கோடிச் சிகிச்சையைப் பற்றி ஒரு மாதமாகப் பேசுகிறோம், ஜீப் வாடகையைப் பற்றி ஒரு வரிகூட நான் எழுதவில்லை. அது என் தவறு.

18 மே 2025, மதியம் 1.30

விடுமுறையில் இருக்கிறேன். வரம் அணிக்காரன் அதிகாலையில் செய்தி அனுப்பி எழுப்பிவிட்டான். பிலடெல்ஃபியாவில் ஒரு கைக்குழந்தை. சி.பி.எஸ்.1 குறைபாடு, புரதம் செரிக்கும்போது வரும் அம்மோனியாவை உடலால் வெளியேற்ற முடியாது, மூளையைத் தாக்கும். அந்த ஒரு குழந்தையின் மரபணுப் பிழைக்காக மட்டும் ஒரு திருத்த மருந்தை ஆறே மாதத்தில் உருவாக்கி, பிப்ரவரியில் முதல் ஊசி போட்டிருக்கிறார்கள். கல்லீரலைக் குறிவைத்துப் போகிற மருந்து. குழந்தை முன்பைவிடப் புரதம் எடுத்துக்கொள்கிறது.

"ஒரு ஆளுக்கு ஒரு மருந்து டீச்சர்! இது வரம் இல்லையா?"

வரம்தான் என்று பதில் அனுப்பினேன். சந்தோஷமாகவே அனுப்பினேன். எதிரணிப் பெண்ணுக்கும் அனுப்பிவைத்தேன். அவள் திருப்பி அனுப்பியது: "பணியர் ஊர்ல பிறந்திருந்தா அந்தக் குழந்தைக்கு என்ன வியாதின்னு கண்டுபிடிக்கவே நாளாகியிருக்கும்." இரண்டு பேரும் சொன்னது உண்மை. இரண்டையும் ஒரே நாளில் படித்தபோது எனக்கு அழுகை வந்தது.

20 ஜூலை 2025, இரவு 9.45

இந்த இழை முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். பிரிட்டனின் நியூகாசிலிலிருந்து ஒரு செய்தி வந்து மறுபடி திறக்க வைத்துவிட்டது.

செல்லுக்கு ஆற்றல் தரும், தனக்கென்று கொஞ்சம் மரபணுவும் உள்ள மைட்டோகாண்ட்ரியாவில் கடுமையான கோளாறு உள்ள தாய்மாருக்கு, வேறொரு பெண்ணின் கருமுட்டையில் இருக்கும் நல்ல மைட்டோகாண்ட்ரியாவைத் தந்து கருவாக்கும் முறை. 2015-இல் பிரிட்டன் நாடாளுமன்றம் அனுமதித்தது. இப்போது எட்டுக் குழந்தைகள் பிறந்திருப்பதாக அறிவித்திருக்கிறார்கள், நான்கு பெண், நான்கு ஆண். மைட்டோகாண்ட்ரியா தாய் வழியாக மட்டும்தான் போகும். அந்த நான்கு பெண் குழந்தைகள் பெரியவர்களாகிப் பிள்ளை பெற்றால், அந்த மாற்றம் அவர்களோடு நிற்காது.

மரபணு எழுத்தைத் திருத்துவது வேறு, இது வேறு என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் ஜனவரியிலிருந்து நான் கிழித்து வைத்திருந்த கோடு, அதாவது இருக்கிறவருக்குச் செய்யலாம், பிறக்கப்போகிறவருக்குக் கூடாது என்ற கோடு, இங்கே நேராக நிற்கவில்லை. பத்தாண்டு விவாதித்து, சட்டம் போட்டு, ஒவ்வொரு தம்பதிக்கும் தனித்தனியாக அனுமதி பார்த்து நடந்திருக்கிறது. 2018-இல் சீனாவின் ஷென்ஜெனில் ஹ மூடிய கதவுக்குள் செய்ததோடு இதைச் சேர்த்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. இன்னும் 'கூடாது' என்ற பக்கம்தான் இருக்கிறேன். முன்பு இருந்த அளவு நிம்மதியாக இல்லை.

பிள்ளைகள் இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. ஆகஸ்ட் 8, வெள்ளிக்கிழமை மறுபடி பட்டிமன்றம். தலைப்பை அவர்களே வைத்துவிட்டார்கள்: 'பிறக்கப்போகும் பிள்ளையின் மரபணுவைத் திருத்தப் பெற்றோருக்கு உரிமை உண்டா, இல்லையா?' நடுவர் இயற்பியல் சார்.

உண்டு என்ற அணியில் முதலில் பேசப்போவது அவள். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அதே பெண். இல்லை என்ற அணியில் ஒரு ஆள் குறைகிறது என்று என்னைக் கேட்டார்கள், ஒப்புக்கொண்டேன். அவளுக்கு எதிரே நின்று, அவள் முகத்தைப் பார்த்து நான் பேச வேண்டும்.

இன்று மாலை தேயிலைத் தோட்டம் ஓரமாகப் போகும்போது எதிரில் வந்தாள். ஒரு வாரமாக வலி இல்லையாம். "டீச்சர், எனக்காக விட்டுக்கொடுத்துப் பேசக் கூடாது, சொல்லிட்டேன்" என்றாள்.

மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.